துளை போடாத ஈயம்

என் கோபக்காரி அம்மாவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தோ வீட்டில்தான் இருக்கிறான். சாப்பிடுகிறான், தூங்குகிறான், பழையபடி என்னோடு சண்டை போடுகிறான். இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் மீதியை நீ கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். "கதய அப்பால சொல்லு, புள்ள எங்க கீறான்?" என்பாய்.

இப்போது கேள். எனக்கு வயிறு எரிகிறது அம்மா. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? கல்லறைக்கு வந்து சொல்லலாம் என்று பார்த்தால், பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஒட்டுக்கேட்பவர்கள் கேட்கட்டும். என் தம்பி அந்தோவின் முகத்தைச் செல்போனில் பார்த்துவிட்டு நாலு பேருக்கு அனுப்பியவர்கள் எல்லோரும் இதையும் படிக்கட்டும்.

உன்னைப் பற்றி அந்தச் செல்போன் செய்தியில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? உன் பெயர்கூட இல்லை. "இறந்துபோன தாயார் தயாரித்த தோட்டாக்கள்" என்று போட்டிருந்தார்கள். கேட்டியா? நீ தோட்டா செய்தாயாம். ராயபுரத்துச் சந்துக்குள் உட்கார்ந்து, காலையில் பூசைக்குப் போய் வந்து, குழம்பை இறக்கிவைத்துவிட்டு, ரவுடிகளுக்குத் தோட்டா வார்த்தாயாம்.

நீ செய்ததை அவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். என் அம்மா பிலோமினா மீன் வலைக்கு ஈயம் வார்த்தாள். வலையின் மேல் கயிற்றில் மிதவை இருக்கும், அடிக்கயிற்றில் ஈயம் இருக்கும். ஈயம் இல்லாவிட்டால் வலை தண்ணீரில் நிற்காது. சுவர் மாதிரி நிற்கவேண்டிய வலை துணி மாதிரி மிதக்கும். பின்வாசல் தகர அடுப்பில் இரும்புச் சட்டி வைத்து ஈயத்தை உருக்கி, லேத்தில் வேலை பார்த்த என் அப்பா கடைந்து கொடுத்த இரண்டு பாதி அச்சில் கரண்டியால் ஊற்றுவாள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும். ஒரு முனை மொட்டை, ஒரு முனை கூர். வலையை இழுக்கும்போது கண்ணியில் மாட்டக்கூடாது என்றுதான் அப்பா ஒரு முனையைக் கூராக்கினார். அது எதைப்போல இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. எங்கள் கண்ணுக்கு அது வலை ஈயம் மாதிரிதான் இருந்தது.

நீ எடை பார்ப்பாயே, அதுதான் இத்தனைக்கும் காரணம். காயலான் கடையில் ஒருநாள் பழைய கேபிள் ஈயம் கிடைக்கும், ஒருநாள் பேட்டரித் தகடு கிடைக்கும். கேபிள் ஈயம் மெத்தென்று இருக்கும், கனம் அதிகம். பேட்டரி ஈயம் விறைப்பு, கனம் குறைவு. அச்சு ஒன்றுதான், ஊற்றும் கை ஒன்றுதான், ஆனால் எடை மாறிவிடும். அவசரமாக ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது, தராசு மட்டும் காட்டிக்கொடுக்கும். காற்று நின்றதை நீ திரும்பச் சட்டியில் போடுவாய். மற்றவற்றை மூன்றாகப் பிரித்து, பேப்பரில் மடித்து, நைலான் நூலால் கட்டுவாய். கனமானதற்குப் பச்சை நூல், நடுவாந்திரத்துக்கு நீலம், இலேசானதற்கு வெள்ளை. ஒரு வலைக்கு ஒரே நிறம். பச்சையும் வெள்ளையும் ஒரே கயிற்றில் ஏறினால் ஒரு பக்கம் முந்தி இறங்கி வலை முறுக்கிக்கொள்ளும் என்பாய்.

அப்புறம் துளை. அதில்தான் நீ யாருக்கும் இறங்கி வரமாட்டாய். வலைக்காரர் கயிற்றைக் கொண்டுவந்து உன் கையில் கொடுக்கவேண்டும். நீ அதை விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்ப்பாய். அதற்குப் பிறகுதான் டிரில்லை எடுப்பாய். துளை பெரிதானால் ஈயம் கயிற்றில் ஓடும், சின்னதானால் கயிறு தேயும். "கயிறு இல்லாம ஓட்ட கேக்காத" என்று எத்தனை பேரை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறாய். அதனால் உன் பால்பவுடர் டப்பாக்களில் இருந்த ஈயம் எல்லாமே துளை போடாத ஈயம். நீ போன பிறகும் அப்படியே இருந்தது.

அதை நாங்கள் தொடவில்லை. பரணில் இருந்தது. எண்ணூர் தேசப்பன் அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும், பைபர் போட் வைத்திருக்கிறாரே, உன்னிடம் பச்சை நூல் தவிர வேறு எதையும் வாங்காதவர். அவர் புது வலை கட்டுகிறார் என்று அந்தோவிடம் கேட்டிருக்கிறார். துளையை நானே போட்டுக்கொள்கிறேன், டப்பாவைக் கொண்டுவந்து கொடு என்றிருக்கிறார். அந்தோ தன் குட்டியானை லோடு வண்டியில் நாலு டப்பாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். யாரோ பெரிய மனிதர் அந்தப் பக்கம் வருகிறார் என்று போலீஸ்காரர்கள் சாலையில் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டப்பா மூடியைத் திறந்திருக்கிறார்கள்.

உள்ளே ஒரே அளவில், ஒரே வடிவத்தில், கூர் முனையோடு, பளபளவென்று ஈயம். நிறம் நிறமாக நூல் கட்டிய பொட்டலங்கள். அவ்வளவுதான், வண்டியோடு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் துறைமுகத்தில் ஆபீசில் இருந்தேன். எங்கள் ஆபீசில் கன்டெய்னர் சரக்குக்குக் காகிதம் போடுகிறோம் இல்லையா, காகிதத்தில் ஒரு எடை இருக்கும், எடைமேடையில் ஏற்றினால் வேறொரு எடை வரும். டன் கணக்கில் வித்தியாசம் வந்தாலும் ஒருவரும் ஒருவரையும் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனதை நான் பார்த்ததில்லை. ஒரு திருத்தம், ஒரு முத்திரை, முடிந்தது. உன் ஈயம் ஒரே எடையில் இருந்ததற்கு உன் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

செய்தி செல்போனில் வந்ததும் பக்கத்து நாற்காலிக்காரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். உங்க ஏரியாவில் இதெல்லாம் சகஜம்தானே என்றாள். அவள் கெட்டவள் இல்லை அம்மா, எனக்கு டிபன் பாக்ஸில் பாதி கொடுப்பவள். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. நம் பக்கத்து ஆள் என்றால் கத்தி, அரிவாள், கஞ்சாப் பொட்டலம் என்றுதான் நல்லவர்களுக்கும் தோன்றுகிறது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஸ்டேஷனில் அந்தோவைச் சுவரோரம் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அடித்தார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். வீட்டுக்கு வந்தபிறகு பல நாள் ஒரே பக்கமாகப் படுத்துத் தூங்கினான், அதையும் உன்னிடம் சொல்லத்தானே வேண்டும்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி கொடுத்தார். மேஜைமேல் உன் பொட்டலங்களை வரிசையாக வைத்திருந்தார், பக்கத்தில் எங்கிருந்தோ வரவழைத்த நகைக்கடைத் தராசு. நான் வலை ஈயம் என்று சொன்னேன். அவர் ஒன்றை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் உருட்டினார்.

"ஏம்மா, ஓட்டையே இல்லாத ஈயத்தை வலையில எப்படிம்மா கட்டுவீங்க?"

கயிறு வந்தால்தான் துளை என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, வெளி ஆளுக்கு இது பொய் மாதிரித்தான் கேட்கும் என்று. அவர் சிரிக்கவில்லை. தனக்குத் துப்பாக்கிப் பயிற்சி உண்டு என்றார். சொந்தமாகத் தோட்டா வார்த்து நிரப்புகிறவர்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரித்து வைப்பார்கள், ரிவால்வரில் ஒரு தோட்டா கனமாகவும் ஒன்று இலேசாகவும் இருந்தால் ஒன்று மேலே அடிக்கும், ஒன்று கீழே அடிக்கும், குறி தப்பும் என்று விளக்கினார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்துச் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

"மீன் புடிக்கிறவனுக்கு எதுக்கும்மா இவ்வளவு துல்லியம்? அவன் கல்லைக் கட்டினாலே போதுமே."

கேட்டியா அம்மா? நாம் கல்லைக் கட்டினால் போதுமாம். நாம் ஒரு வேலையைக் கண்டபடி செய்திருந்தால் நம்மைச் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். ஒழுங்காகச் செய்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கவேண்டும். பச்சை நூல் யாருக்கு, நீல நூல் யாருக்கு, எந்தக் கோஷ்டிக்கு எந்த நிறம் என்று அந்தோவிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருக்கிறார்கள். அவன் கனம், நடுவாந்திரம், இலேசு என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? தராசைத் தூக்கி எறிந்திருப்பாயா, இல்லை அந்த நாற்காலியில் உட்கார்ந்து தராசு மட்டமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்திருப்பாயா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேசப்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன். கடலில் இருந்தார், கிடைக்கவில்லை. அந்தோவை அன்று விடவில்லை. அவன் பெண்டாட்டியையும் குழந்தையையும் என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். குழந்தை அப்பா எங்கே என்று கேட்டது, மீன் வாங்கப் போயிருக்கிறார் என்று சொன்னேன். ஐஸ்பெட்டி எடுத்துக்கொண்டு போனாரா என்று அது அடுத்த கேள்வி கேட்டது. உன் பேத்தி, வேறு எப்படி இருக்கும்?

மறுநாள் மதியம் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். முகம் கொஞ்சம் மாறியிருந்தது. நாங்கள் தோட்டாக்காரர்கள் இல்லை என்பது அவருக்கே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் செய்தி வெளியே போய்விட்டதே, அதை எப்படி முடிப்பது என்பதுதான் அவர் கவலை. தானும் பிள்ளைக்குட்டிக்காரன் என்றார், ஒரு வழி இருக்கிறது என்றார்.

"எடை ஒண்ணா இருக்குன்னா நான் மேல அனுப்பணும். ஆய்வு, கோர்ட்டுன்னு போயிடும். எடை மாறுபடும்னு எழுதிட்டா தோட்டாவுக்கு லாயக்கில்லாத ஈயம்னு இங்கயே முடிச்சுடலாம். மூணு கலர் பொட்டலத்தையும் கலந்து பாத்தா எடை மாறத்தானேம்மா செய்யும்?"

எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். படிப்பறிவில்லாத பெண்மணி ஒருவர், பழைய ஈயத்தை, கைக்கு வந்தபடி ஊற்றி, ஒன்றுக்கொன்று எடை ஒவ்வாமல் செய்த துண்டுகள் என்று இருந்தது. கீழே அந்தோ கையெழுத்து, பக்கத்தில் சாட்சியாக என் கையெழுத்து. போட்டால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போகலாம்.

நான் பேனாவை எடுத்துவிட்டேன் அம்மா. மறைக்கமாட்டேன், அதற்காக வருத்தமும் படமாட்டேன். எனக்கு உன் ஈயத்தின் எடையைவிட அவன் முதுகு முக்கியம். படிப்பறிவில்லாத பெண்மணி என்ற இடத்தில் மட்டும் கை நின்றது. நீ எட்டாவது வரை படித்தவள், கோயிலில் வாசகம் வாசித்தவள். சரி, போகட்டும், தாள்தானே என்று போடப்போனேன்.

அந்தோ அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். அவன் படிக்க எவ்வளவு நேரம் எடுப்பான் என்று உனக்குத் தெரியும், எல்லோரும் காத்திருந்தோம். படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தான்.

"நான் கையெழுத்து போடமாட்டேன் சார். எங்கம்மா கைக்கு வந்தபடி ஊத்தல."

நான் மேஜைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன். அவன் காலை நகர்த்திக்கொண்டான். இன்ஸ்பெக்டர் பொறுமையாக, இது உன் நல்லதுக்குத்தான் என்றார். அந்தோ அவரைப் பார்த்துப் பேசவில்லை, என்னைப் பார்த்துப் பேசினான்.

"க்கா, அம்மா அச்சுல ஊத்தசொல்லோ பக்கத்துல நின்னவன் நானு. ஒண்ணு கொற எடைன்னா திருப்பி சட்டிலதான் போடும். கைல கொப்புளம் கீதுன்னு சொன்னாகூட கேக்காது. இப்ப போய் நான் இந்தப் பொய்ல கையெழுத்து போட்டா, அப்பால எந்த மூஞ்சிய வச்சுகினு அதும் போட்டோக்கு பூ போடுவேன்?"

உன்னிடம் அதிகம் திட்டு வாங்கியவன் அவன்தான். வண்டியைச் சரியாக நிறுத்தத் தெரியாது, சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாது, எதிலும் ஒழுங்கு கிடையாது என்று நீ சலித்துக்கொண்ட பிள்ளை. அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் இரண்டு பைத்தியங்கள் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டியிருப்பார்.

தேசப்பன் அண்ணன் அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தார். கரை சேர்ந்ததும் விஷயம் தெரிந்து, குளிக்காமல்கூட, வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஸ்டேஷன் முழுக்க மீன் வாடை. ஒரு போலீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். வலையை மேஜைமேல் போட்டார் அண்ணன். அடிக்கயிற்றில் உன் ஈயம் வரிசையாக இருந்தது, அதே மொட்டை முனை, அதே கூர் முனை, நடுவில் துளை, துளைக்குள் கயிறு.

"கயித்த பாத்துதான் சார் ஓட்ட போடும் அந்தம்மா," என்றார். "இது அது கையால போட்டது. கயட்டித் தரேன், எட போட்டுக்க."

ஓரத்து முடிச்சை அறுத்து ஒரு கைப்பிடி ஈயத்தைக் கழற்றினார். நகைக்கடைத் தராசு அங்கேயே இருந்ததே. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக வைத்தார். நானும் குனிந்து பார்த்தேன். உப்புத் தண்ணீரில் இத்தனை காலம் கிடந்து, துளை போட்டு, கயிற்றில் உரசி, அதற்கப்புறமும் தராசு ஒரு எண்ணிலேயே நின்றது. அந்தத் துல்லியம் மீன் பிடிக்கிறவன் வலையில்தான் இருந்தது, யாருடைய துப்பாக்கியிலும் இல்லை.

இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்தார். பிறகு மீன்பிடி வலை ஈயம் என்று மட்டும் எழுது என்று ரைட்டரிடம் சொன்னார். அதில் அந்தோ கையெழுத்துப் போட்டான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அந்தச் செல்போன் செய்தியை எடுக்கவும் இல்லை, இன்றைக்கும் தேடினால் வருகிறது. அது எப்போது அம்மா அழியும்? உன் பேத்தி படித்து வேலைக்குப் போகிற காலத்திலும் அது இருக்குமா?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அடுத்து நடந்ததற்காக.

டப்பாக்களை உடனே கொடுக்கவில்லை. மேலிடத்து அனுமதி வரவேண்டும், நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்று அந்தோவை நடையாக நடக்கவிட்டார்கள். கடைசியில் போன வாரம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன். ஒரு சிமென்ட் மூட்டையை இழுத்துவந்து எங்கள் காலடியில் போட்டார்கள்.

டப்பா இல்லை. பேப்பர் இல்லை. நூல் இல்லை. பச்சை, நீலம், வெள்ளை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள். டப்பா இடத்தை அடைக்கிறது என்று யாரோ செய்திருக்கலாம். வேண்டுமென்றே செய்திருக்கலாம். எது என்று கேட்டேன், பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை, இன்ஸ்பெக்டரும் வெளியே போயிருந்தார். வாங்கிக்கொண்டதற்கு அந்தோவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். தாளில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "எடை மாறுபட்ட ஈயத் துண்டுகள், ஒரு மூட்டை."

எந்தப் பொய்யை எழுதமாட்டேன் என்று உன் பிள்ளை இன்னொரு ராத்திரியும் அங்கேயே கிடக்கத் துணிந்தானோ, அதை அவர்களே உண்மையாக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். மறுக்கவும் முடியாது. மூட்டைக்குள் கைவிட்டு இரண்டை எடுத்தால் இரண்டும் இரண்டு எடை. நீ எத்தனை வருஷம் குனிந்து உட்கார்ந்து பிரித்ததை, ஒருவர் ஒரு நிமிஷத்தில் கவிழ்த்துவிட்டார். எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கலாம் போல இருந்தது. உன் சாவுக்குக்கூட எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்தோ கையெழுத்துப் போட்டுவிட்டான். "இப்ப நெசந்தானேக்கா" என்றான். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், உன் தராசைப் பரணிலிருந்து இறக்கினான். துடைத்தான். என்னைக் கேட்காமலே கடைக்குப் போய் மூன்று நிறத்திலும் நூல்கண்டு வாங்கிவந்திருந்தான். முற்றத்தில் பாய் போட்டு மூட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினோம். அவன் எடை போட்டான், நான் பிரித்தேன். எனக்குக் கையில் பிடித்தாலே எது பச்சை என்று தெரிய ஆரம்பித்துவிட்டது, பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரிகிறது. குழந்தையைப் பக்கத்தில் விடவில்லை. அன்றைய வேலை முடிந்ததும் இரண்டு பேரும் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினோம்.

ஏன் என்று உனக்குத் தெரியும், ஈயம் உடம்புக்குள் போனால் விஷம். ஆஸ்பத்திரியில் உன் சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டு என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, வீட்டு வேலை என்று சொன்னாயே. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஏன் அம்மா சொல்லவில்லை? சட்டியைத் தூக்கிப் போடச் சொல்லிவிடுவார் என்றா? இந்தக் கோபத்தை நான் போலீஸ்மேல் வைக்கமுடியாது, உன்மேல்தான் வைக்கவேண்டும். வைத்திருக்கிறேன். வந்து பதில் சொல்லும்வரை வைத்திருப்பேன்.

எல்லாம் சரியாகப் பிரிந்து வருகிறது. ஒன்றே ஒன்று மட்டும் எந்தக் கூட்டத்திலும் சேரவில்லை. தராசு தப்போ என்று பார்த்தோம். திருப்பிப் பார்த்தால் பக்கவாட்டில் கத்தியால் சீவியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஸ்டேஷனில் யாரோ பார்த்திருக்கிறார்கள். உள்ளே காற்றுக்கூட இல்லை அம்மா, சீவிய இடம் முழுக்க ஈயம்தான். உருக்கிச் சேர்த்துவிடலாமா என்று அந்தோ கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் இனி சட்டி ஏறாது. அதை உன் போட்டோவுக்குக் கீழே வைத்திருக்கிறோம். யாராவது கேட்டால் கதையைச் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

மூட்டையில் இன்னும் பாதி இருக்கிறது. இது உனக்கு நான் தரும் வாக்கு: கடைசிப் பொட்டலத்துக்குக் கடைசி முடிச்சுப் போடும்வரைதான் அந்தத் தாளில் இருப்பது உண்மை. அதற்கப்புறம் அது மறுபடியும் பொய். தேசப்பன் அண்ணன் அவசரப்படுகிறார், வலை காத்துக்கொண்டிருக்கிறது, தானே துளை போட நேரமில்லை, உன் டிரில்லில் அந்தோவே துளை போட்டுக் கொடுத்தால் என்ன என்று நேற்று வாசலில் நின்று கேட்டார். அந்தோ உள்ளே இருந்தபடியே, தலையைக்கூடத் தூக்காமல் கேட்டான்.

"கயிறு கொணாந்தியாண்ணா?"

அவர் கயிறு எடுக்க எண்ணூருக்குத் திரும்பிப் போயிருக்கிறார்.

உன் திட்டுக்கு இன்னும் பயப்படும் மகள்,
அந்தோவின் அக்கா,
ரீட்டா